மருந்துப் பெட்டியோடு எவரெஸ்ட் அடிவாரம் வரை

நாள் 1: காத்மாண்டு, 1,400 மீட்டர்

கட்டில் முழுக்க மருந்து பரப்பிக் கிடக்கிறது, நான் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாமேலில் நம் பட்ஜெட்டுக்குக் கிடைக்கும் அறை என்றால் இவ்வளவுதான் இடம்.

நான் மதுரையில் பதினொரு வருஷமாக அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவள். மலை மருத்துவத்தில் ஒரு குறுகிய பயிற்சி முடித்திருக்கிறேன், அதை நம்பி ஒரு குழு "கூட வாங்க டாக்டர், உங்களுக்குப் பாதிச் செலவுதான்" என்று கூப்பிட்டது. பன்னிரண்டு பேர். பாதிப் பேர் சென்னை, நாலு பேர் பெங்களூரு, இரண்டு பேர் கோவை. இருப்பதிலேயே மூத்தவர் 63 வயது ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர். எல்லாருமே அவரை சார் என்கிறோம், கைடு உட்பட.

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் நான் எக்ஸ்ரே கேட்பேன், ரத்தத்தில் வாயு அளவு கேட்பேன், பக்கத்து மாடியிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிடுவேன். இங்கே மொத்தமே ஒன்பது கிலோ. அட்டைப் பெட்டிகளை எல்லாம் பிரித்துப் போட்டு மாத்திரைப் பட்டைகளை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். உயரத்தில் ஆக்சிஜன் குறைந்து வரும் மலைநோய்க்கு அசிட்டசோலமைட், மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், நுரையீரலில் நீர் கோத்தால் நிஃபிடிபின், வலி மாத்திரை, வாந்தி பேதிக்கு மருந்து, ஆன்டிபயாடிக், தையல் போட ஊசி நூல், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரண்டு. கேமோ பை என்று ஒன்று, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, இரண்டையும் கம்பெனி தனியாகக் கொண்டுவருகிறது. பையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், தேவைப்படாமல் இருந்தால் நல்லது.

பெட்டி கட்டும்போது எனக்கு எப்போதும் ரோகசோவ் ஞாபகம்தான். சோவியத் டாக்டர், அண்டார்டிகாவில் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்தில் குளிர்காலம் முழுக்க மாட்டிக்கொண்ட ஒரே மருத்துவர். 1961 ஏப்ரல் 30ஆம் தேதி ராத்திரி தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். கருவிகளை எடுத்துக் கொடுக்க ஒரு வானிலை ஆய்வாளர், கண்ணாடி பிடிக்க ஒரு மெக்கானிக். கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்து குழப்பியதால் பெரும்பாலும் கையுறை இல்லாத விரலால் தடவித் தடவியே வேலையை முடித்தாராம். இரண்டே வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவெல்லாம் நமக்கு வேண்டாம் சாமி.

நாள் 2: லுக்லா, பாக்டிங்

சீசன் நெரிசலில் காத்மாண்டுவிலிருந்து நேராக விமானம் கிடையாது, நடு ராத்திரி ஜீப்பில் ராமேச்சாப் போய் அங்கிருந்து இருபது நிமிஷம். லுக்லா ஓடுபாதை வெறும் 527 மீட்டர், அதுவும் மேடு. இறங்கும் விமானம் மலையைப் பார்த்து ஏறுகிறது, கிளம்பும் விமானம் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது. 1964இல் ஹிலாரி ஏற்பாட்டில் போட்ட பாதை. சார் கண்ணை மூடிக்கொண்டு சஷ்டி கவசம் சொன்னார், நான் திறந்துகொண்டே பயந்தேன்.

வெளியே வந்ததும் ஆறு போர்ட்டர்கள். எங்கள் பைகளை இரண்டிரண்டாகக் கயிறு போட்டுக் கட்டி, நெற்றிக்குக் குறுக்கே 'நாம்லோ' பட்டையை மாட்டி, குனிந்து ஒரே எழுப்பில் எழுந்துவிட்டார்கள். ஒரு சுமை முப்பது கிலோ. எல்லாருக்கும் முன்னால் ஒரு ஒல்லிப் பையன், மீசை கூட சரியாக முளைக்கவில்லை, செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டு போனான். நாங்கள் முதுகில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனோம்.

நேபாளியில் அண்ணனை 'தாய்' என்கிறார்கள், அக்காவை 'தீதி' என்கிறார்கள். கைடைக் கூப்பிட நான் "தாய்" என்றதும் கோவைக்காரர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

நாள் 3: நாம்சே பஜார், 3,440 மீட்டர்

தொங்குபாலத்துக்கு அப்புறம் செங்குத்து ஏற்றம், மூன்று மணி நேரம். ஏறி வந்தவுடன் வேலை ஆரம்பம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு சாப்பாட்டு அறையில் நோட்டோடு உட்காருவேன். தலைவலி, வயிறு, அசதி, கிறுகிறுப்பு, நாலுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், லேக் லூயிஸ் கணக்கு என்பார்கள். தலைவலியோடு சேர்த்து மொத்தம் மூன்று வந்துவிட்டால் மலைநோய். அப்புறம் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் 94க்குக் கீழே போனால் பெட் தேடி அலைந்தோம் இல்லையா, இங்கே 88 காட்டியவரை "போய்ச் சாப்பிடுங்கள்" என்று அனுப்புகிறேன். கை ஜில்லென்று இருந்தால் கருவி உளறும், கருப்பு மருதாணி நகம் இருந்தாலும் உளறும், அதனால் முதலில் கையைத் தேய்க்கச் சொல்கிறேன்.

கஷ்டம் கருவியில் இல்லை, பன்னிரண்டு பேரும் பொய் சொல்வதில்தான் இருக்கிறது. லட்ச ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டு, ஆபீஸில் லீவுக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தவர் "தலை வலிக்குது" என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் டாக்டர் இறக்கிவிடுவாளே. ஆகவே எல்லாருக்கும் பூஜ்யம். பெங்களூர்ப் பையன் ஒருவன் பூஜ்யம் சொல்லிவிட்டு மோமோ தட்டைத் தள்ளி வைத்தான். மூன்று மோமோவோடு எழுந்தவனுக்குத் தலைவலி இருக்கும். இருந்தது. இனிமேல் வாயைப் பார்க்கப் போவதில்லை, தட்டைத்தான் பார்க்கப் போகிறேன்.

நாள் 4: நாம்சே, ஓய்வு

ஓய்வு என்றாலும் படுக்கக் கூடாது. பகலில் மேலே ஏறி, ராத்திரி கீழே வந்து தூங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி தங்கு. இந்தத் துறையில் இருக்கும் சட்டமே ஏறக்குறைய இவ்வளவுதான். அசிட்டசோலமைட் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அது சிறுநீரகத்தை ஏமாற்றி பைகார்பனேட்டை வெளியே தள்ள வைக்கிறது, ரத்தம் கொஞ்சம் அமிலமாகிறது, உடனே மூளை "இன்னும் மூச்சு விடு" என்கிறது. உடம்பு மூன்று நாளில் தானே செய்வதை அது ஒரு நாளில் செய்கிறது, அவ்வளவுதான் மாயம். விரல் நுனி மதமதக்கும், ராத்திரி மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டும், சோடா வாயில் வைக்க முடியாது.

குந்தே ஆஸ்பத்திரி வரை நடந்தோம். 3,840 மீட்டரில் ஹிலாரி 1966இல் கட்டியது. அப்போது இந்தப் பக்கத்து மண்ணிலும் உப்பிலும் அயோடின் இல்லாமல் வீட்டுக்கு வீடு கழுத்துக் கழலை, பிறவியிலேயே செவிடாகவும் வளர்ச்சி குன்றியும் குழந்தைகள். அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போட்டே அதைத் துடைத்தார்கள். பச்சைத் தகரக் கூரைக் கட்டடத்தின் திண்ணையில் வெயில் காய்ந்தபடி ஒரு பாட்டி மருந்துக்குக் காத்திருந்தாள். எனக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ஞாபகம் வந்தது.

திரும்பும்போது கைடு ஒரு விஷயம் சொன்னார். ஷெர்பாக்களுக்கு உயரம் ரத்தத்திலேயே ஊறியது, தலைமுறை தலைமுறையாக ஆக்சிஜன் குறைந்த காற்றுக்குப் பழகிய மரபணு. "ஆனால் நம் போர்ட்டர்கள் யாரும் ஷெர்பா இல்லை டாக்டர். ராய், தமாங். கீழே ஆயிரத்து ஐநூறு மீட்டரில் சோளம் விதைக்கிறவர்கள். உங்களை மாதிரிதான்." சுவாரசியமான தகவல் என்று குறித்துக்கொண்டேன்.

நாள் 5: தெங்போச்சே

பனி. மடாலயத்தின் மணி. ராத்திரி பாத்ரூம் போனவர்கள் மொத்தக் கணக்கு இருபத்தாறு. வேறொன்றும் எழுதத் தெம்பு இல்லை.

நாள் 6, 7: திங்போச்சே, 4,410 மீட்டர்

இரண்டு நாளுக்குச் சேர்த்து எழுதுகிறேன், நேற்று வைஃபை கார்டு வேலை செய்யவில்லை.

இங்கே எல்லாமே உறைகிறது. ஈரத் துணி அட்டை மாதிரி நிற்கிறது. ஊசி மருந்துகள், ஆக்சிமீட்டர் பேட்டரி எல்லாவற்றையும் ஒரு சாக்ஸில் போட்டுத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு அணைத்தபடி தூங்குகிறேன். எங்களில் ஒரு அக்காவுக்குச் சர்க்கரை, இன்சுலின் பேனா அவர் கழுத்தில் தாலிச் சங்கிலிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும், அடுத்தது வாங்க இங்கே மெடிக்கல் ஷாப் இல்லை. குளுக்கோமீட்டரும் குளிரில் வேலைநிறுத்தம் செய்கிறது, அதை அக்குளில் ஐந்து நிமிஷம் வைத்தால் சமாதானமாகிறது.

இன்று மதியம் மேட்டைத் தாண்டி பெரிச்சேவுக்குப் போனோம். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973இலிருந்து இருக்கிறது, சீசனில் தன்னார்வ டாக்டர்கள் இந்தக் கல் கட்டடத்தில் தங்கி மருத்துவம் பார்க்கிறார்கள், மதியம் மூன்று மணிக்கு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்று உயர நோய் பற்றி ஒரு வகுப்பு. புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளைக்கார டாக்டர் வாயால் கேட்டதும் எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள், நான் நாலு நாளாகச் சொன்னதுதான் அது! நுரையீரலில் நீர் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், மூளை வீங்கினால் கோட்டில் குதிகாலும் விரலுமாக நடக்க முடியாது, இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் முதல் மருந்து இறங்குவது.

இந்தப் பாடத்துக்கு நம் பக்கத்திலும் பெரிய விலை கொடுத்திருக்கிறோம். 1962இல் சீனாவோடு சண்டை வந்தபோது சமவெளியிலிருந்து சிப்பாய்களை அவசர அவசரமாக மலைக்கு ஏற்றினார்கள். இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் கூட இருந்தவர்களும் அப்படி உயரத்தில் நோய்ப்பட்ட 1,925 சிப்பாய்களை வைத்து 1969இல் ஒரு கட்டுரை எழுதினார்கள், இன்றைக்கும் இந்தத் துறையில் அதைச் சொல்லாமல் யாரும் பேச மாட்டார்கள். ஏறு என்று உத்தரவு வந்தால் தலைவலி என்று சொல்ல முடியாதவர்கள் அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

இன்றைய கணக்கு: சார் 81, ஆனால் தட்டைக் காலி செய்து இரண்டாவது தடவை தால் வாங்கினார். பெங்களூர்ப் பையன் 84, தலைவலி போய்விட்டது. சமையலறை வாசலில் அந்தப் பாட்டுப் பையன் இருமிக்கொண்டிருந்தான். இந்தக் கும்பு பள்ளத்தாக்கின் காய்ந்த காற்றில் எல்லாருக்கும் இருமல்தான், கும்பு இருமல் என்றே பெயர். "எப்படி இருக்கே?" என்று சைகையில் கேட்டேன். "டீக் ச்ச" என்றான், சரியாக இருக்கிறேன் என்று அர்த்தம். தொண்டை மிட்டாய் ஒரு பட்டை கொடுத்தேன்.

நாள் 8: லோபுச்சே, 4,940 மீட்டர்

இதைப் பெரிச்சேவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் கீழே வந்துவிட்டேன் என்றால்,

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் கைடு கதவைத் தட்டினார். "டாக்டர், ஒரு போர்ட்டர் படுக்க மாட்டேன் என்கிறான்." நான் முதலில் சண்டை ஏதோ என்று நினைத்தேன். படுக்க மாட்டேன் என்றால், படுத்தால் மூச்சு முட்டுகிறது.

போர்ட்டர்கள் தூங்குவது எங்கள் லாட்ஜில் இல்லை. பின்னால் நூறடி தள்ளி ஒரு தாழ்ந்த கொட்டகை, யாக் சாணி வரட்டிப் புகை, சுவர் ஓரமாக வரிசையாகப் படுக்கை. அந்தப் பையன்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். ஹெட்லைட் வெளிச்சத்தில் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி. நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு. ஆக்சிமீட்டரை மாட்டினேன், ஒன்றும் காட்டவில்லை. விரல் தோல் அப்படிக் காய்த்துப் போயிருந்தது, போதாததற்கு ஐஸ். அவன் கையை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, ஊதி, காது மடலில் ஒருமுறை போட்டுப் பார்த்து, மறுபடி விரலில் மாட்டினேன். 58.

எங்கள் சாப்பாட்டு அறையில் மூன்று மணி நேரம் முன்னால்தான் பன்னிரண்டு பேருக்கும் பார்த்திருந்தேன். மிகக் குறைவு 78.

ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்குள் விட்டேன். காதுக்குப் பக்கத்தில் நாலு முடியை விரலால் உருட்டினால் ஒரு சரசரப்பு கேட்கும், செய்து பாருங்கள். அந்தச் சத்தம் வலது பக்கம் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் கீழே வரை இருந்தது. நுரையீரலில் நீர், இதற்கு எக்ஸ்ரே எதற்கு?

சிலிண்டரைத் திறந்தோம், நிஃபிடிபின் கொடுத்தேன், அப்புறம் கேமோ பையை விரித்தோம். பார்க்கப் பெரிய பொட்டலம் மாதிரி இருக்கும், ஆளை உள்ளே போட்டு ஜிப்பை மூடி மிதிபம்பால் காற்று அடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும், லோபுச்சேயில் படுத்திருப்பவனுக்கு ஏறக்குறைய நாம்சே காற்று கிடைக்கும். மலையை நகர்த்த முடியாது, காற்றைக் கொஞ்ச நேரம் நகர்த்தலாம். இவனால் மல்லாந்து படுக்க முடியாது என்பதால் தலைப்பக்கத்தை அரிசி மூட்டைமேல் ஏற்றி வைத்தோம். பம்பை நிறுத்தினால் அவன் விட்ட மூச்சே உள்ளே சேர்ந்துவிடும், ஆகவே நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து மிதி, விடாமல். சத்தம் கேட்டு எழுந்து வந்த சார், கம்பளிக் குல்லாயோடு, "தள்ளும்மா டாக்டர்" என்று பம்பில் காலை வைத்தார். நோட்டுக் கட்டு எண்ணுகிற மாதிரி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஒரு மணி நேரம் மிதித்தார். பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் பையனின் கண் மட்டும் தெரிந்தது. ஒரு தடவை கூட அவன் அதை மூடவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் கைடு கம்பெனிக்குப் போன் போட்டார். ஹெலிகாப்டர் ராத்திரி பறக்காது, அது எனக்கே தெரியும். காலையில் பார்க்கலாம் என்றார்கள், இன்சூரன்ஸ் காகிதம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டுமாம். எங்களில் யாருக்காவது வந்திருந்தால் அந்தப் பக்கம் காகிதம் எங்கே என்று தேடியிருப்பார்களா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மணி பதினொன்று. பையைத் திறந்தோம், 74. பைக்கு வெளியே அது நிற்காது. காலை வரை காத்திருக்கலாமா, இப்போதே இறக்கலாமா? வெளியே மைனஸ் பதினைந்து, பாதை முழுக்கப் பாறை. இறக்கலாம் என்றேன்.

நடக்க வைத்தால் நுரையீரல் இன்னும் மோசமாகும், தூக்கித்தான் போக வேண்டும். லாட்ஜ்காரர் ஒரு டோகோ கூடையை எடுத்து வந்து ஒரு பக்கத்தைக் கத்தியால் அறுத்தார். கால் வெளியே தொங்க, முதுகுக்கு முதுகு கொடுத்து உட்கார இருக்கை. மூன்று போர்ட்டர்கள் மாற்றி மாற்றி, அதே நாம்லோ, அதே நெற்றி. இவன் எங்கள் பைகள் இரண்டையும் விடக் கொஞ்சம்தான் கனம் என்று ஒருவன் சொன்னதாக இளைய கைடு மொழிபெயர்த்தார். சொன்னவன் சிரித்தான். பெரிய கைடு குழுவோடு மேலே நின்றுகொண்டார்.

தூக்லா கணவாயில் எவரெஸ்டில் இறந்தவர்களுக்கான கல் நினைவுச் சின்னங்கள், பகலில் எல்லாரும் போட்டோ எடுத்த இடம். ராத்திரி அதன் நடுவே சிலிண்டரை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன், அந்தப் பையனின் இருமலைத் தவிரச் சத்தமே இல்லை. நாலு மணிக்குப் பெரிச்சே கதவைத் தட்டினோம்.

நாள் 9: பெரிச்சே

உள்ளே ஆக்சிஜன் இயந்திரம் ஓடுகிறது, அவன் 89. தூங்குகிறான், படுத்து.

பதிவேட்டில் எழுத அவன் பெயர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. இளைய கைடுக்கும் முழுப் பெயர் தெரியாது, தூக்கி வந்தவனைக் கேட்டுச் சொன்னார். வயது 19. எத்தனை நாளாக இருமல் என்றதற்கு நாம்சேயிலிருந்து என்றான் நண்பன். மூச்சு வாங்கியது திங்போச்சேயில். ஏன் சொல்லவில்லை? உடம்பு சரியில்லை என்று சொன்ன போர்ட்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றோடு கூலி நின்றுவிடும். என் ஆட்கள் பூஜ்யம் சொன்ன அதே காரணம், ஆனால் அவர்கள் தட்டை நான் பார்த்தேன். இவன் எந்தத் தட்டில் எங்கே சாப்பிட்டான் என்றே எனக்குத் தெரியாது. சமையலறை வாசலில் நின்று அவனுக்கு மிட்டாய் கொடுத்தவள் நான். கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெதஸ்கோப்பை அன்றைக்கு அவன் முதுகில் வைக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது.

குழு இன்று கோரக்ஷேப் போகிறது. நான் மேலே போகவில்லை. அங்கே யாருக்காவது ஏதாவது என்றால், எவரெஸ்ட் அடிவார முகாமில் 2003இலிருந்து சீசனுக்கு ஒரு கூடார ஆஸ்பத்திரி போடுகிறார்கள், அதை நம்பி சாரிடம் ஆக்சிமீட்டரையும் நோட்டையும் கொடுத்து அனுப்பினேன். நோட்டில் ஆறு வரி கூடச் சேர்த்து எழுதச் சொன்னேன்.

நாள் 11: பெரிச்சே

எல்லாரும் முகாம் வரை போய்த் திரும்பிவிட்டார்கள், முகம் கறுத்து, உதடு வெடித்து, ஒரே சந்தோஷம். சார் நோட்டை நீட்டினார். பதினெட்டு வரி, ரூல்பென்சிலில் கோடு போட்டு, ஐந்து போர்ட்டர்களின் முழுப் பெயர், வயது, ஊர், காலை மாலை இரண்டு வேளைக் கணக்கு. ஆறாவது வரியில் "கீழே, டாக்டர் வசம்" என்று எழுதியிருந்தார். ஒரு போர்ட்டருக்கு 91 காட்டியதாம், சாருக்கு 76. அவன் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பையன் எழுந்து நடமாடுகிறான், சூப் குடிக்கிறான். கூலி பற்றிக் கம்பெனி லோபுச்சே வரைக்கும்தான் என்றது. சார் போனை வாங்கி, பேங்க் குரலில், கால் மணி நேரம் பேசினார். முடிவு இன்னும் தெரியவில்லை, பாக்கியை நாங்கள் பகிர்ந்துகொள்வதாக எழுதி வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் பையன் என்னிடம் வந்து, இளைய கைடை வைத்துக்கொண்டு ஒன்று கேட்டான். அடுத்த வாரம் லுக்லாவில் இன்னொரு குழு இறங்குகிறது, சுமைக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறான், போகலாமா? முடியாது, ஒரு மாசமாவது வீட்டில் இரு, இந்த சீசனில் மறுபடி மேலே வராதே என்று விரல்விட்டு எண்ணிக் காட்டிச் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"டீக் ச்ச, தீதி" என்றான்.